கேஸ்டரிக்கு ஒரு வரன்

கீழ்ப்பாக்கம், மெட்ராஸ்
21-2-1971

அன்பு அக்காவுக்கு,

எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர்களுக்கு அசிஸ்டென்ட் மானேஜர் வேலை கிடைத்துவிட்டது! கம்பெனி குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்துவிட்டோம். மாடி வீடு. வாசலில் கேட், கேட்டில் ஒரு வாட்ச்மேன், ஹாலில் போன். முதல் நாள் போன் அடித்தபோது பயந்துபோய் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன். இப்போது ஓடியே வந்து எடுக்கிறேன்.

இன்னொன்று கேள். இங்கே ஆபீசர்கள் வீட்டுப் பெண்களுக்கு என்று ஒரு கிளப் இருக்கிறது. முதல் நாள் போனபோது பெரிய மானேஜர் மனைவி என் பெயரைக் கேட்டார். ‘சுந்தராம்பாள்’ என்றேன். அவர் காதில் என்ன விழுந்ததோ, ‘சாண்ட்ரா…?’ என்று இழுத்தார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து சாண்ட்ரா. என் வீட்டுக்காரர் பெயரான இன்பராஜை இங்கே இன்ப்ரிஜ் என்கிறார்கள். ஆக, உன் தங்கை இப்போது மிஸஸ் சாண்ட்ரா இன்ப்ரிஜ்!

சிரிக்காதே அக்கா. பெயர் அதேதான், சொல்கிற வாய்தான் வேறு. கொஞ்சம் பழகினால் நாக்குத் தானாக வளைகிறது. உன் மகள் கஸ்தூரியைக் கேஸ்டரி என்று சொல்ல வேண்டும். ‘கே’யில் கொஞ்சம் நின்று, ‘ரி’யை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். பொன்ராஜ் அத்தான் பெயர் பான்ரோஜ். நீ தங்கம்மாள் இல்லை, டாங்கமெல். ஊர்ப்பெயர்தான் வளையாமல் படுத்தியது. இங்கிலீஷில் சில எழுத்துகள் இருந்தும் சத்தம் போடாதாம். அதனால் அருப்புக்கோட்டையில் ‘ப்பு’வையும் ‘டை’யையும் விட்டுவிட்டு ‘ஆர்காட்’ என்று சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது!

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், கஸ்தூரிக்கு ஒரு வரன். கிளப்பில் மிஸஸ் கோடி என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் மிஸ்டர் டேனிஷ் கோடி. பிராட்வேயில் பெயிண்ட் கடையும் இரும்புச் சாமான் கடையும் வைத்திருக்கிறார். கார் இருக்கிறது. நம்ம ஆட்கள்தான் என்பதை இவர்கள் நைசாக விசாரித்துவிட்டார்கள். பூர்வீகம் பலா வனம் என்கிறார்கள். குற்றாலத்துப் பக்கம் பலாத்தோட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே பையன், ஸாம் கோடி, பி.காம். படித்தவன். அமரிக்கையான பிள்ளை.

கஸ்தூரியின் போட்டோ ஒன்று உடனே அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
சுந்தரம்


அருப்புக்கோட்டை
1-3-1971

அன்புத் தங்கச்சி சுந்தரத்துக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து இந்த வீடே தலைகீழாகக் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு வேலை உயர்ந்ததைக் கேட்டு அன்றே சொக்கநாதர் கோயிலில் அர்ச்சனை செய்தேன். இன்பராஜ் என்ற பெயருக்குத்தான் செய்தேன். அய்யருக்கு மற்றது வாயில் வராது.

கஸ்தூரி உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிட்டாள். உன் அத்தான் கேட்டுவிட்டு, “பான்ரோஜா? என்னத்தா, பன்ரொட்டி கணக்கால்ல இருக்கு!” என்றார். மூட்டை தூக்குகிற தவசியை ‘டேவிஸ்’ என்று கூப்பிட்டாள். அவனும் “என்ன தாயி?” என்று வந்து நின்றான். அதோடு விட்டாளா? பஸ் ஸ்டாண்டில் போய்ப் பரளச்சிக்கு டிக்கெட் கேட்கும்போது, ‘ஒன் டிக்கெட், பேர்லஷி’ என்று கேட்டிருக்கிறாள். கண்டக்டர், “அது எங்கிட்டு இருக்கு தாயி? இந்தப் பஸ்ஸு பரளச்சியோட திரும்பிரும்” என்றானாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வரன் விஷயம் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பயமும். போன வருஷம் வந்த சிவகாசிக்காரர்கள், பெண் கடையில் உட்கார்ந்து தராசு பிடிக்கிறாளா என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு உன் அத்தான், கடையைக் கேவலமாக நினைக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார். கார் வைத்திருக்கிறவர்கள் மிளகாய் மூட்டைக்கு நடுவில் வளர்ந்த பெண்ணை எடுப்பார்களா? பலா வனம் என்று ஒரு ஊர் குற்றாலத்துப் பக்கம் இருப்பதாக உன் அத்தான் கேள்விப்படவில்லை.

ஆனாலும் எனக்கு ஆசை. கஸ்தூரி மெட்ராஸுக்கு வந்துவிட்டால், அவளைப் பார்க்கிற சாக்கில் உன்னையும் பார்க்கலாம். இந்தப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் எழுதுகிறாய். காரணம் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். புது வத்தல் வந்துவிட்டது. நல்ல காரம். மெட்ராஸ் லாரியில் லோடு ஏற்றிவிடும்போது உனக்கும் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
தங்கம்மாள்


கீழ்ப்பாக்கம்
14-3-1971

அன்பு அக்காவுக்கு,

பிடித்துவிட்டது! போட்டோவைப் பார்த்ததும் மிஸஸ் கோடி, ‘ஸோ ஸ்வீட்!’ என்றார். பையன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நானும் கேட்கவில்லை.

இந்த மாதம் 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டு அடையாளம் சொல்கிறேன் என்று நான் ஆரம்பித்ததற்கு, ‘எதுக்கு? ஆர்காட்ல போய் மிஸ்டர் பான்ரோஜ்னு கேட்டா யாரும் காட்ட மாட்டாங்களா?’ என்றார் மிஸஸ் கோடி. அத்தானைத் தெரியாதவர்கள் நம் ஊரில் உண்டா? தாராளமாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். மிளகாய், மல்லி மண்டி என்று நான் சொல்லவில்லை. ஸ்பைஸ் எஸ்டேட் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் அன்றைக்கு ஒருநாள் கடையைச் சாத்திவிடுங்கள். மூட்டைகளை வேறு எங்காவது அடுக்கிவிட்டு வீட்டுக்கு வெள்ளை அடியுங்கள். போர்டின் மேல் ஒரு துணியைக் கட்டிவிடலாம், வெள்ளை அடிக்கும்போது கட்டியது என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தான் கோட்டுப் போட வேண்டும். காபியைத் தம்ளரில் கொடுக்காதே, கப் வாங்கு. கஸ்தூரியை எல்லோரும் கேஸ்டரி என்றே கூப்பிடுங்கள், முக்கியமாக நீ. நாள் இருக்கிறது, பழகிக்கொள்.

நானும் கூட வரத்தான் நினைத்தேன். அன்றைக்கு கிளப்பில் பூக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

அக்கா, ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. கஸ்தூரி காரில் வந்து நம் வாசலில் இறங்குவதுபோலவே இருக்கிறது.

சுந்தரம்


அருப்புக்கோட்டை
29-3-1971

சுந்தரத்துக்கு,

ஒருவரும் வரவில்லை.

நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தோம். மூட்டைகளையெல்லாம் பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர் கொட்டடியில் கொண்டுபோய் அடுக்கினோம். வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். உன் அத்தான், பேங்க் ஏஜென்டிடம் கோட்டு வாங்கி வேட்டியின் மேல் போட்டுக்கொண்டு காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் போய் நின்றார். ரயிலில் வரவில்லை என்றதும், காரில் வருவார்கள் என்று மதுரை ரோட்டு முக்கில் நின்றார். இந்த வெயிலில், கோட்டோடு. போகிறவர் வருகிறவரெல்லாம், “என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் அடுக்களையில் கேசரி கிண்டிக்கொண்டே, கேஸ்டரி, கேஸ்டரி என்று சொல்லிப் பழகினேன். கேசரியும் கேஸ்டரியும் கலந்துபோய், அவளைப் பார்த்தே “ஏ கேசரி, தண்ணி எடு” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை பட்டுச்சேலையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். மத்தியானம் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நகையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “எம்மா, நாளைக்கு நரிக்குடிச் சரக்கு வந்து எறங்கும். வராதவுகளுக்காக இன்னும் எம்புட்டு நேரம் கடையச் சாத்திப் போட்ருக்க?” என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். போர்டில் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்தாள்.

தெருவில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. என்ன நடந்தது? அவர்களுக்கு மனசு மாறிவிட்டதா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

அக்கா


கீழ்ப்பாக்கம்
4-4-1971

அக்காவுக்கு,

அவர்கள் வந்தார்கள். உங்கள் ஊருக்கு இல்லை. ஆற்காட்டுக்குப் போய்விட்டார்கள். வேலூர் பக்கத்து ஆற்காடு!

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது காரில் கிளம்பி, நேரே போய் இறங்கி, மிஸ்டர் பான்ரோஜ் வீடு எது என்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போய், பன்னீர் ரோஜா விற்கிற பூக்கடை வாசலில் நிறுத்தினாராம். இன்னொருவர், இந்த ஊரில் பெரிய வீடு என்றால் இதுதான் என்று நவாபு காலத்து இடிந்த வாசலைக் காட்டினாராம். மிஸஸ் கோடி, பட்டுப் புடவையோடு அந்த இடிபாட்டில் ஏறி இறங்கி, செருப்பு அறுந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்தார். அந்தக் கத்துக் கத்தினார்.

எனக்கு வேறு வழியில்லை. “ஆற்காடு இல்லீங்க, அருப்புக்கோட்டை. விருதுநகர் பக்கம்” என்று உடைத்துச் சொன்னேன். ‘அருப்புக்கோட்டையா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டார். போனை வைத்துவிட்டார்.

அதோடு சரி. நான் போன் செய்தால் வேலைக்காரி எடுத்து, அம்மா குளிக்கிறார்கள் என்கிறாள். கிளப்பில் என்னைப் பார்த்ததும் எழுந்து வேறு நாற்காலிக்குப் போகிறார். அருப்புக்கோட்டை என்ற பெயரைக் கேட்டதுமே அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெயில், புழுதி, மிளகாய் மூட்டை. அப்படிப்பட்ட இடத்தில் எப்படிச் சம்பந்தம் செய்வார்கள்?

நான் எவ்வளவு பாடுபட்டேன், தெரியுமா? கடைக்கு மேலேயே குடியிருக்க வேண்டாம், புது வீதியில் தனி வீடு பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதினேன்! நீங்கள் யாரும் மாற மாட்டீர்கள். உன் பார்சல் வந்தது. கேட்டிலேயே நெடி அடித்து வாட்ச்மேன் தும்முகிறான். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இனிமேல் இங்கே வத்தல் அனுப்பாதே. லாரிக்காரர்களை வாசலுக்கு அனுப்பாதே. என் அக்கா இன்னார் என்று நான் யாரிடம் சொல்லிக்கொள்வது?

சுந்தராம்பாள்


அருப்புக்கோட்டை
9-5-1971

சௌபாக்கியவதி சுந்தராம்பாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது எழுதுவதும் அதற்காக இல்லை. கஸ்தூரியின் காரியம் ஒன்று இருக்கிறது, அதை உனக்குத் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். பேன்ட்டும் கண்ணாடியும் போட்ட பையன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறான், சட்டையெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. உன் அத்தான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கஸ்தூரி தராசில் நின்றாள். நான் உள்ளே மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ்டர் பான்ரோஜைப் பார்க்கணும்” என்றான்.

இவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க ஆர்காட்டுல இருந்தா வாரீக?” என்று கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வேகத்தில் மிளகாய் நெடி உள்ளே ஏறி, தும்ம ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. தும்மலுக்கு நடுவே, “ஐ யாம்… ஸாம்… கோடி” என்று சொல்லி முடித்தான். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். தவசி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்த நேரத்துக்கு உன் அத்தான் வந்துவிட்டார். பையன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். இவர் அப்படியே நின்றுவிட்டார். “தம்பி, கொஞ்சம் இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க” என்று கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“பாலவனத்தம் சீனிச்சாமி அண்ணாச்சிக்கு நீங்க என்ன வேணும்?”

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு, “பேரன். எனக்கும் தாத்தா பேருதான். சீனிச்சாமி” என்றான்.

“அய்யா பேரு?”

“தனுஷ்கோடி.”

“டேனிஷ் கோடி!” என்று உள்ளேயிருந்து கஸ்தூரி கத்தினாள் பார், தெருவே திரும்பிப் பார்த்தது.

புரிகிறதா? தனுஷ்கோடிதான் உன் டேனிஷ் கோடி. பாலவனத்தம்தான் உன் பலா வனம். இங்கே விருதுநகர் பஸ்ஸில் ஏறி, சில்லறை வாங்கி மடியில் முடிவதற்குள் வந்துவிடுகிற ஊர்! உன் மிஸஸ் கோடி, கருப்பட்டி வியாபாரம் செய்த சீனிச்சாமி அண்ணாச்சியின் மருமகள் குருவம்மாள். அண்ணாச்சி நம் கடை வாசலில் உட்கார்ந்து உன் அத்தானோடு வெற்றிலை போட்டவர். அதே மூக்கு, அதே நெற்றி, இந்தப் பையனுக்கு.

அவர்கள் நம் ஊரைக் கேவலமாக நினைத்து ஒதுங்கவில்லையாம் சுந்தரம். அருப்புக்கோட்டை என்று நீ சொன்னதும் அந்த அம்மாளுக்குக் கையும் காலும் ஓடவில்லையாம். இங்கே வந்தால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தங்களைத் தெரியுமே, மெட்ராஸில் கட்டி வைத்ததெல்லாம் சம்பந்தி வீட்டு வாசலிலேயே போய்விடுமே என்று பயந்து, இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பையனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு, கடை விஷயமாகத் திருச்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

இலை போட்டேன். சாப்பிட்டான். ரசத்தில் காரம் என்று கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அத்தானைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கஸ்தூரி, கை கழுவி வந்தவனை எங்கள் முன்னாலேயே கேட்டாள்: “உங்க வீட்டுக்கு வந்தா என்னைய என்னன்னு கூப்பிடுவீக?”

“கஸ்தூரின்னுதான்.”

“உங்க அம்மா?”

அவன் கை துடைத்த துண்டையே மறுபடியும் மடித்தான்.

“அவுக வரட்டும். வந்து, எம் பேரச் சொல்லிக் கேக்கட்டும். அவுக பேரையும் சொல்லட்டும். எனக்குச் சம்மதம். ஒளிஞ்சுக்கிட்டு வந்து ஒளிஞ்சுக்கிட்டுப் போற எடத்துல எனக்கு இருக்க வராது” என்றாள். சொல்லிவிட்டுத் தராசுக்குப் போய்விட்டாள். பேச்சில் அவ்வளவு தைரியம், எடைக்கல்லை மட்டும் தட்டு மாற்றி வைத்தாள். நான் பார்த்தேன்.

இப்போது யாராவது அந்த அம்மாளிடம் போய்ப் பேச வேண்டும். பையன் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். நீ போனால் நல்லது. உன் பெயரும் கூடவே வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். முடியாவிட்டால் எழுதிவிடு. உன் அத்தான் போவார். உன் கேட்டுப் பக்கம் வர மாட்டார், நேராக அவர்கள் வீட்டுக்கே போய்க்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கம்மாள்


கீழ்ப்பாக்கம்
16-5-1971

என் அக்காவுக்கு,

முடிந்துவிட்டது! நல்லபடியாக முடிந்துவிட்டது! முதலில் அதைக் கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு வந்து மேலே படி.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ராத்திரி இவர்களிடம் காட்டினேன். “நான் போனால் கிளப்பில் தெரிந்துவிடும், உங்களுக்கு ஆபீசில் தலைகுனிவாகிவிடுமே” என்றேன். இவர்கள் சிரிக்கிறார்கள். “எனக்கு என்ன தலைகுனிவு? ஆபீசில் டைப் அடிக்கிறவர் முதற்கொண்டு என்னை விருதுநகர்க்காரர் என்றுதான் சொல்கிறார்கள். இன்ப்ரிஜ் என்று கூப்பிடுவது நீயும் ஆபீசில் முன்னே இருந்த ஒரு வெள்ளைக்காரனும்தான். அவனும் கப்பல் ஏறிப் போய்விட்டான்” என்றார்கள். இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லை பார்.

நேற்று மத்தியானம் போனேன். போனில் சொல்லாமல், நேராகப் போய் மணி அடித்தேன். மிஸஸ் கோடியே கதவைத் திறந்துவிட்டார். தப்பிக்க வழியில்லை. ‘ஓ சாண்ட்ரா, வாட் எ சர்ப்ரைஸ்’ என்று உட்கார வைத்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பூக் கண்காட்சி பற்றிப் பேசினோம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன்.

“மதினி, பாலவனத்தத்துல உங்க வீடு எந்தத் தெரு?”

கெட்டிலைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஹால் கதவைச் சாத்தினார். வந்து என் எதிரில் நின்றார்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. தம்பி எங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு. எங்க அத்தான் அவரு மொகத்தப் பாத்துட்டு, சீனிச்சாமி அண்ணாச்சி பேரனான்னு கேட்டுட்டாக.”

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில், அதே சோபாவில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “கீழத் தெரு” என்றார்.

அக்கா, அதற்குப் பிறகு அந்த அம்மாள் பேசியதை எழுதினால் இந்தத் தாள் போதாது. மெட்ராஸுக்கு வந்த புதிதில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார்களாம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் இவர் பெயரைக் கேட்டுவிட்டு, “குருவி, குருவி, குடத்தை எடு குருவி” என்று கேலி செய்வார்களாம். வீட்டுக்குள் வந்து அழுவாராம். கையில் நாலு காசு சேர்ந்து வேறு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெயரை யாருக்குமே சொல்லவில்லையாம். “எங்க ஆத்தா போன பெறகு ஒருத்தரும் என்னைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடல. எங்க வீட்டுக்காரவுகளும் ‘ஏ’ன்னு கூப்பிடுறதோட சரி. நீ ஒருக்காச் சொல்லு” என்றார்.

“குருவம்மா மதினி” என்றேன்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “ஒன் பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். “இம்புட்டு நல்ல பேர வச்சுக்கிட்டா சாண்ட்ரா சாண்ட்ரான்னு திரிஞ்ச?” என்றார். “நீங்க மட்டும்?” என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வேலைக்காரப் பெண் கதவைத் தட்டி, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

கஸ்தூரி சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். ‘தராசு பிடிக்கிற பிள்ளை, கணக்காத்தான் கேட்டிருக்கா’ என்றார். அவர் வீட்டுக்காரர் ராத்திரி வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் கத்தினார். பிறகு தனியாக வராந்தாவில் போய் நின்றார். திரும்பி வந்து, பொன்ராஜ் அண்ணாச்சிக்கு இப்போது தலை நரைத்திருக்கிறதா என்று கேட்டார். அவர் கடையை மிளகாய் மூட்டைகளோடு ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு. வைகாசியிலேயே முகூர்த்தம் வைத்துவிடலாம் என்கிறார்கள். முதலில் பாலவனத்தம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பெண் கேட்க வருவாராம் மதினி.

கிளப்பில் நான் இன்னமும் சாண்ட்ராதான், உன்னிடம் மறைக்கவில்லை. ஒரேயடியாக விட நாக்கு வரமாட்டேன் என்கிறது. மதினியும் அப்படித்தான். நேற்று வாசல் வரை வந்து வழியனுப்பும்போது பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்ததும், ‘பை பை சாண்ட்ரா’ என்றார். கண்ணைச் சிமிட்டிக்கொண்டேதான்.

போன மாதம் நான் எழுதிய கடிதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருக்காது. வாட்ச்மேன் தும்மினான் என்று எழுதினேனே, தும்மினது நிஜம். ஆனால் அந்த வத்தலில்தான் இந்த வீட்டில் தினமும் குழம்பு. பார்சலில் பாதி தீர்ந்துவிட்டது.

நானும் அவர்களோடு வருகிறேன். அவர்கள் திரும்பின பிறகும், கல்யாணம் முடியும் வரை அங்கேயே இருக்கலாமா?

சுந்தரம்


அருப்புக்கோட்டை
19-5-1971

அன்புத் தங்கச்சி சுந்தரத்துக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று உன் அத்தானே ஸ்டேஷனுக்குப் போய் ரயில் தபாலில் போடுகிறார்.

கஸ்தூரி உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு மெத்தைப் படி ஏறி மாடிக்குப் போனவள் இன்னும் கீழே வரவில்லை. உன் அத்தான் கடைக்கு வருகிற ஒருவரையும் விடவில்லை. சரக்கு வாங்க வருகிறவர்கள் சம்பந்தி வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிகிறது. தவசி தன் பங்குக்கு, கல்யாணத்தில் பந்தியைத் தான்தான் கவனிப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

குருவம்மாள் மதினியிடம் சொல்லு. இங்கே யாரும் பழைய கதையைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் நான் பக்கத்தில் இருப்பேன்.

இருக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அம்மா போன பிறகு உனக்கு இதுதான் அம்மா வீடு. இதையெல்லாம் கடிதத்தில் கேட்பார்களா? அந்தக் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாண அப்பளத்துக்கு மாவு இடிக்கிற நாளில் அது தானாகப் போகும். அதனால் கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பிவிடாதே. ஒரு மாதம் இரு. மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா, ஆபீஸ் ஓடிப்போகாது.

மதுரையில் இறங்கி, பஸ்ஸைத் தேடி அலைய வேண்டாம். உன் அத்தான் கார் பேசியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனில் நிற்பார். கடையைக் கஸ்தூரி பார்த்துக்கொள்வாள். நானும் வருகிறேன்.

அக்கா